இயக்கிக்குப் பெயரிடல்: லினக்ஸ் கெர்னலின் வலையமைப்பு இயக்கிகளும் தமிழ்ப் பெயரிடு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் வலையமைப்பு வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் நிரல் இயக்கி எனப்படும். லினக்ஸ் கெர்னலில் புதிய இயக்கி ஒன்று சேர்க்கப்படும்போது அதன் பெயரும் நிரலும் பொதுவில் மதிப்பாய்வுக்கு உட்படுகின்றன. வன்பொருள் மாறினாலும் நிறுவனம் கைமாறினாலும் இயக்கியின் பெயர் எளிதில் மாறுவதில்லை. ஆதலால், நாளையும் பொய்க்காத பெயரை இன்று தேர்வது மதிப்பாய்வின் பணிகளுள் ஒன்றாகிறது. நன்னூல் கூறும் இடுகுறி, காரணப் பெயர்ப் பாகுபாட்டையும், பாயிரம், அரங்கேற்றம் ஆகிய மரபுகளையும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஊர்ப்பெயர்களையும் துணையாகக் கொண்டு இக்கட்டுரை அந்நடைமுறையை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ் கெர்னல், வலையமைப்பு இயக்கி, இடுகுறிப்பெயர், காரணப்பெயர், பாயிரம், அரங்கேற்றம், ஊர்ப்பெயர், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி எனப் பரந்து கிடப்பது கண்மாய்களையும் மழையையும் நம்பி வாழும் மானாவாரி நிலம். இந்நிலத்திற்கும் கெர்னல் நிரலாக்கத்திற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆயினும் 2011-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், சீ-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. பாரத்நெட் திட்டத்தின்கீழ் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு கொண்டுசெல்லும் பணி மேற்கொள்ளப்பட்டது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் வைக்கப்படும் வலைத்திசைவிகள் பல லினக்ஸ் கெர்னலால் இயங்குபவை.

இத்தகைய கருவி ஒன்றில் இணைய இணைப்பு கிடைக்காதபோது பழுது நீக்க முனைபவர் முதலில் தேடுவது இயக்கியின் பெயரை. அப்பெயரைக் கொண்டே பதிவேட்டில் பிழைச் செய்தியைக் கண்டறிகிறார். அப்பெயரைக் கொண்டே தீர்வைத் தேடுகிறார். பெயர் தவறான வழியைக் காட்டினால் அவரது உழைப்பு வீணாகும். எனவே இயக்கியின் பெயரை எவர், எவ்வாறு தேர்கின்றனர், எவர் அதனை ஆராய்ந்து ஏற்கின்றனர் என்பது ஆய்வுக்குரிய வினாவாகிறது.

1. இயக்கியும் அதன் பெயரும்

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. தமிழில் கருனி என்றும் வழங்குவர். நினைவகம், செயலி, வன்பொருள் ஆகியவற்றைப் பயன்பாட்டு நிரல்களுக்குப் பகிர்ந்தளிப்பது இதன் பணி. ஒவ்வொரு வலையமைப்பு அட்டையிலும் உள்ள சில்லு தனக்கே உரிய கட்டளை முறையைக் கொண்டது. அக்கட்டளை முறையை அறிந்து, கெர்னலின் பொது முறைக்கு அதனை இயைவிப்பது இயக்கி.

இயக்கியின் பெயர் பல இடங்களில் பதிகிறது. மூலநிரல் கோப்புறையின் பெயர், கெர்னலைத் தொகுக்கும்போது தோன்றும் தெரிவின் பெயர், நினைவகத்தில் ஏற்றப்படும் கூறின் பெயர், பிழைப் பதிவுகளின் முன்னொட்டு, பராமரிப்பாளர் பட்டியலின் தலைப்பு ஆகியன அவ்விடங்கள். இவையன்றி, பயனர் தம் கணினியில் எழுதி வைக்கும் அமைப்புக் கோப்புகளிலும் அப்பெயர் இடம்பெறும். குறிப்பிட்ட இயக்கியை ஏற்றுக, ஏற்றாதே என்னும் ஆணைகள் பெயரைச் சுட்டியே எழுதப்படுகின்றன. ஆகவே பெயரை மாற்றினால் முன்பின் அறியாத எண்ணற்ற கணினிகளில் அவ்வாணைகள் செயலற்றுப் போகக்கூடும்.

இயக்கியின் பெயர் வேறு, இடைமுகத்தின் பெயர் வேறு என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கணினித் திரையில் ஈத்0 என்றோ, அட்டை செருகப்பட்ட இடத்தைக் குறிக்கும் வேறொரு குறியீடாகவோ தோன்றுவது இடைமுகத்தின் பெயர். அது 15 எழுத்துருக்களுக்கு மிகாது. பயனர் விரும்பினால் அதனை மாற்றலாம். இயக்கியின் பெயரையோ பயனர் மாற்ற இயலாது. அது மூலநிரலோடு வருவது.

2. இடுகுறியும் காரணமும்

பெயர்கள் இடுகுறி, காரணம் என இருவகைப்படும் என்றும், அவை பொதுவாகவும் சிறப்பாகவும் அமையும் என்றும் நன்னூல் எழுத்தியல் கூறும். காரணம் பற்றி எழுந்த பெயர் அக்காரணமுடைய அனைத்திற்கும் செல்லாது ஒன்றற்கே உரியதாய் நிற்பதைக் காரண இடுகுறி என்பர். முக்கணன் என்னும் பெயர் மூன்று கண்ணுடைய பிறரைக் குறியாது சிவபெருமானையே குறிப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

வலையமைப்பு இயக்கிகளின் பெயர்களை இப்பாகுபாட்டின்வழி நோக்கலாம். இன்டெல் நிறுவனச் சில்லுகளுக்குரிய இ1000 என்னும் இயக்கியின் பெயரில் உள்ள எண், நொடிக்கு 1000 மெகாபிட் என்னும் வேகத்தைச் சுட்டுகிறது, இது காரணப்பெயர். பிராட்காம் நிறுவனத்தின் கம்பியில்லா இயக்கி முதலில் ஒன்றாக வெளிவந்து, பின்னர் பிஆர்சிஎம்எஸ்மேக், பிஆர்சிஎம்எஃப்மேக் என இரண்டாகப் பிரிந்தது. ஊடக அணுகல் கட்டுப்பாட்டைக் கணினியின் மென்பொருளே செய்யும் சில்லுகள் முதல்வகை. சில்லே முழுமையாகச் செய்துகொள்வன இரண்டாம்வகை. ஓரெழுத்து வேறுபாடு செயல்முறை வேறுபாட்டை உணர்த்துவதால் இவையும் காரணப்பெயர்களே.

ஆர்8169 என்னும் இயக்கி காரண இடுகுறிக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ரியல்டெக் நிறுவனத்தின் 8169 என்னும் சில்லுக்காகத் தோன்றியதால் அப்பெயர் பெற்றது. பின்னர் 8168, 8101 ஆகிய வரிசைகளையும், அண்மைக்காலத்து 8125 சில்லையும் அதே இயக்கி ஏற்றுக்கொண்டது. இன்று அப்பெயரில் உள்ள எண் ஒரு சில்லைக் குறிப்பதாகக் கொள்ளலாகாது. ஒரு குடும்பத்தின் பெயராக வழங்குகிறது. காரணம் தேய்ந்து குறி மட்டும் எஞ்சியுள்ளது.

3. பெயர் பொய்க்கும் இடம்

காரணப்பெயர் பொருள் விளக்கமுடையது. ஆனால் காரணம் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். இதற்குத் தக்க சான்று ஐ40இவிஎஃப் என்னும் இயக்கி. 40 கிகாபிட் வேகமுடைய சில்லு வரிசையின் மெய்நிகர்க் கூறுகளுக்காக இன்டெல் நிறுவனம் இதனை உருவாக்கியது. அடுத்த தலைமுறைச் சில்லுகள் 100 கிகாபிட் வேகத்தை எட்டின. அவற்றின் மெய்நிகர்க் கூறுகளையும் அதே இயக்கியே இயக்க வேண்டியிருந்ததால் பெயரில் இருந்த 40 என்னும் எண் பொருந்தாததாயிற்று. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த கெர்னல் 4.20-இல் இவ்வியக்கி ஐஏவிஎஃப் எனப் பெயர் மாற்றம் பெற்றது. புதிய பெயரில் வேகமும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை; தகவமையும் மெய்நிகர்க் கூறு என்னும் பொருள் மட்டுமே உண்டு. பழைய பெயரால் அழைப்போருக்கும் இயக்கி கிடைக்கவேண்டும் என்பதற்காக ஐ40இவிஎஃப் என்பது மாற்றுப்பெயராக நிரலுக்குள் இன்றும் நிற்கிறது.

நிறுவனப் பெயரும் இவ்வாறே பொய்க்கும். ஏத்தரோஸ் நிறுவனத்தை 2011-ஆம் ஆண்டு குவால்காம் வாங்கியது. அதன் பின்னர்ப் புதிதாக எழுதப்பட்ட ஏத்10கே, ஏத்11கே, ஏத்12கே ஆகிய இயக்கிகளும் பழைய நிறுவனத்தின் பெயர் முதலையே தாங்கியுள்ளன. மெலனாக்ஸ் நிறுவனம் 2020-ஆம் ஆண்டு என்விடியாவுக்குக் கைமாறியபோதும் எம்எல்எக்ஸ்5 என்னும் இயக்கியும் அதன் கோப்புறையும் பெயர் மாறவில்லை. ஃபேஸ்புக் நிறுவனம் 2021-இல் மெட்டா எனப் பெயர் மாற்றிக்கொண்டது; 2024-இல் அந்நிறுவனம் முன்வைத்த இயக்கி மெட்டா என்னும் கோப்புறையில் எஃப்பிநிக் என்னும் பெயரோடு இடம்பெற்றது. ஒரே முகவரியில் புதுப்பெயரும் பழம்பெயரும் அருகருகே நிற்கின்றன.

ஊர்ப்பெயர் ஆய்வில் பயின்றோர்க்கு இது புதிதன்று. குண்டாற்றின் கரையில் உள்ள திருச்சுழி, சுந்தரர் தேவாரத்தில் திருச்சுழியல் எனப்படுகிறது. வெள்ளத்தைச் சுழித்து உள்வாங்கச் செய்த தலபுராணச் செய்தியோடு அப்பெயரை இணைப்பர். அருப்புக்கோட்டை என்னும் பெயரை மல்லிகை அரும்போடு தொடர்புபடுத்தும் வழக்கு உண்டு. இரும்பு என்பது இருப்புப்பாதையில் இருப்பு என வல்லினமாகத் திரிவதுபோல, அரும்பு என்பது அருப்பு எனத் திரிந்தது என்பது அவ்விளக்கத்தின் இலக்கண அடிப்படை. காரணம் கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் ஊர் அப்பெயராலேயே அறியப்படுகிறது. பெயரின் முதற்பணி அடையாளம் காட்டல்; விளக்கம் தருதல் அதனை அடுத்தது என்பதே இரு சூழல்களும் உணர்த்தும் உண்மை.

அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கு உருவான பயிர் இரகங்கள் ஏபிகே என்னும் முன்னொட்டைப் பெறுகின்றன. வரகு ஏபிகே 1 அவற்றுள் ஒன்று. முன்னொட்டு பிறந்த இடத்தைச் சொல்கிறது. எண் வரிசையைச் சொல்கிறது. விளைச்சலைப் பற்றியோ வறட்சி தாங்கும் ஆற்றலைப் பற்றியோ அப்பெயர் எதுவும் கூறுவதில்லை. இதைவிடச் சிறந்த இரகம் பின்னர் வந்தாலும் பெயர் பொய்க்காது. ஐஏவிஎஃப் என்னும் மாற்றத்தின் பின்னணியில் உள்ள அறிவும் இதுவே.

4. முன்னொட்டும் ஊரின் தலையெழுத்தும்

இயக்கியின் பெயர் நிரலுக்குள்ளும் பரவுகிறது. இயக்கியில் எழுதப்படும் செயற்கூறுகளும் அமைப்புகளும் இயக்கியின் பெயரை முன்னொட்டாகப் பெறவேண்டும் என மதிப்பாய்வாளர் வலியுறுத்துவர். தொடங்கு, நிறுத்து, அனுப்பு என்னும் பொதுப் பெயர்களைப் பல இயக்கிகள் பயன்படுத்தினால் பெயர் மோதல் நேரும். பிழைப் பதிவைப் படிப்போர்க்கும் எந்த இயக்கியில் பிழை நேர்ந்தது என்பது விளங்காது.

திருச்சுழிப் பகுதியில் ம. ரெட்டியபட்டி என்னும் ஊர் உண்டு. ரெட்டியபட்டி என்னும் பெயர் பல ஊர்களுக்கு வழங்குவதால், தலையெழுத்து ஒன்று முன்னே நின்று இவ்வூரைப் பிறவற்றினின்று பிரிக்கிறது. இயக்கியின் முன்னொட்டு செய்யும் பணியும் அஃதே. பந்தல்குடி, கோவிலாங்குளம், கல்லூரணி முதலிய பெயர்களில் குடி, குளம், ஊரணி என்னும் பொதுக்கூறு பின்னும், சிறப்புக்கூறு முன்னும் நிற்பதைப் போலவே, எஃப்பிநிக் என்பதில் நிறுவனத்தைச் சுட்டும் சிறப்புக்கூறு முன்னும், வலையமைப்பு அட்டையைச் சுட்டும் பொதுக்கூறு பின்னும் அமைந்துள்ளன.

உட்பதித்த கருவிகளில் வன்பொருளை விவரிக்கும் சாதன மரம் என்னும் முறையில் இக்கட்டுப்பாடு மேலும் இறுக்கமானது. அதில் ஒவ்வொரு சில்லும் நிறுவனத்தின் பெயர், சில்லின் பெயர் என்னும் இணையால் சுட்டப்படும். சில்லின் எண்ணில் சில இலக்கங்களை எழுத்தால் நிரப்பி ஒரு வரிசை முழுவதையும் குறிக்க முயன்றால் மதிப்பாய்வாளர் மறுப்பர். அவ்வடிவில் அடங்கும் எண்ணோடு நாளை வெளிவரும் சில்லு வேறு முறையில் இயங்கக்கூடும் என்பதே காரணம். இயக்கியின் பெயர் பொதுமை நோக்கியும், சாதன மரத்தின் பெயர் சிறப்பு நோக்கியும் தெரிவு செய்யப்படுவது இதனால் விளங்கும்.

5. பாயிரமும் அறிமுக மடலும்

புதிய இயக்கி ஒன்றை முன்வைப்போர் அதனை ஒரே கோப்பாகத் தருவதில்லை. பேட்ச் எனப்படும் சிறு சிறு மாற்றங்களின் தொடராகப் பிரித்து அளிக்கின்றனர். வலையமைப்புப் பிரிவின் விதிப்படி ஒரு தொடரில் 15 பேட்சுகளுக்கு மிகலாகாது. ஒவ்வொரு பேட்சும் சேர்ந்த நிலையில் கெர்னல் பிழையின்றித் தொகுக்கப்பட வேண்டும். பிற்காலத்தில் பிழை நேரின் எந்த மாற்றத்தால் நேர்ந்தது எனப் படிப்படியாகத் தேடிக் காண்பதற்கு இவ்விதி உதவுகிறது.

தொடரின் முன்னே ஓர் அறிமுக மடல் நிற்கும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைச் சிறப்புப் பாயிரம் உணர்த்தும் என்பது இலக்கண மரபு. அறிமுக மடலிலும் இவற்றுள் பல காணப்படுகின்றன. எழுதியவர் எவர், முந்தைய எந்த இயக்கியின் வழிவந்தது, எந்த வன்பொருள் வரையில் செல்லும், பெயர் யாது, தொடர் எவ்வாறு யாக்கப்பட்டுள்ளது, எப்பொருளைச் செய்கிறது, எவருக்குப் பயன்படும் என்பன அதன் உள்ளடக்கம். முந்தைய வடிவிலிருந்து எவை திருத்தப்பட்டன என்னும் பட்டியலும் உடன்வரும். பாயிரமில்லாத நூலைப் போலவே அறிமுகமில்லாத தொடரும் படிப்போரை இடர்ப்படுத்தும்.

ஒவ்வொரு பேட்சின் கீழும் எழுதியவர் ஒப்பம் இடுதல் கட்டாயம். இந்நிரலை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்னும் உறுதிமொழியாகிய இவ்வொப்ப முறை 2004-ஆம் ஆண்டு கெர்னலில் நடைமுறைக்கு வந்தது. ஆராய்ந்தவர், சோதித்தவர், பிழை சுட்டியவர் ஆகியோரின் பெயர்களும் தனித்தனிக் குறிப்புகளாக நிலைபெறுகின்றன.

6. மதிப்பாய்வில் எழும் வினாக்கள்

மதிப்பாய்வில் எழும் வினாக்களை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, இப்பெயரும் இவ்வியக்கியும் தேவையா என்பது. ஏற்கெனவே உள்ள இயக்கி ஒன்றை விரித்தாலே போதுமெனில் புதியது ஏற்கப்படுவதில்லை. இ1000 இயக்கியிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வகைச் சில்லுகளுக்கென இ1000இ என்னும் தனி இயக்கி பிரிந்து, 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த கெர்னல் 2.6.24-இல் இடம்பெற்றது. பழைய சில்லுகளுக்குரிய நிரலைக் குலைக்காமல் புதியவற்றை வளர்ப்பது இத்தகைய பிரிவினையால் எய்தும் பயன். மாறாக, ஆர்8169 பிரியாமல் விரிந்தது. பிரித்தலும் விரித்தலும் வன்பொருளின் ஒற்றுமை வேற்றுமையைப் பொறுத்து முடிவாகின்றன.

இரண்டாவது, இயக்கி பொதுவழக்கைப் பின்பற்றுகிறதா என்பது. தனக்கென அமைப்புச் சொற்களை ஓர் இயக்கி புனைந்துகொள்வதை வலையமைப்புப் பிரிவு விரும்புவதில்லை. ஒரே செயலுக்கு ஒவ்வோர் இயக்கியும் ஒவ்வொரு பெயர் வைத்தால், வலையமைப்பைப் பேணுவோர் அத்தனை பெயர்களையும் கற்க வேண்டும். ஆதலால் எல்லா இயக்கிகளுக்கும் பொதுவான கருவிகளின்வழியே அமைப்புகளும் எண்ணிக்கைகளும் வெளிப்பட வேண்டும் என வலியுறுத்தப்படுகிறது.

மூன்றாவது, இயக்கியை நாளை எவர் பேணுவார் என்பது. எஃப்பிநிக் 2024-ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்டபோது, சந்தையில் கிடைக்காத, ஒரு நிறுவனத்தின் தரவு மையங்களில் மட்டுமே பயன்படும் வன்பொருளின் இயக்கியைப் பொதுக் கெர்னலில் சேர்க்கலாமா என்னும் விவாதம் எழுந்தது. வன்பொருள் தம்மிடம் இல்லாதோர் அந்நிரலைச் சோதிக்க இயலாது. ஆயினும் பொதுப்பகுதி மாறும்போது அதனையும் உடன் திருத்தியாக வேண்டும். பேணும் பொறுப்பை முன்வைத்தோரே ஏற்பதும், பொதுப்பகுதியின் வளர்ச்சிக்கு அவ்வியக்கி துணைசெய்வதும் எதிர்வாதங்களாக நின்றன. இறுதியில் அது கெர்னல் 6.11-இல் சேர்க்கப்பட்டது.

இவ்வினாக்களுக்கு விடையளித்துத் தேறுவதற்கு நெடுங்காலம் ஆகலாம். ஊர்திகளில் பயன்படும் ரியல்டெக் சுவிட்ச் சில்லுகளுக்குரிய ஆர்டிஏஎஸ்இ என்னும் இயக்கி இருபதுக்கும் மேற்பட்ட திருத்த வடிவங்களைக் கண்டபின் 2024-இல் கெர்னல் 6.12-இல் இடம்பெற்றது. அது பல சில்லுகளை இயக்கினும் அதன் பெயரில் எந்த எண்ணும் இல்லை. சில்லு எண்கள் விளக்கக் குறிப்பில் உள்ளன. ஆர்8169 கற்பித்த பாடத்தின் பயன் அங்குப் புலனாகிறது.

கோவிலாங்குளம் போன்ற நிலையங்களில் உருவாகும் பயிர் இரகமும் பல இடங்களில் நிகழும் சோதனைகளிலும், உழவர் வயல்களில் நிகழும் தகவமைவுச் சோதனைகளிலும் தேறிய பின்னரே வெளியீட்டுக் குழுவின் ஒப்புதலைப் பெறுகிறது. பிறந்த இடத்தில் செழித்தது பிற மண்ணிலும் தழைக்குமா என்பதே அங்கும் எழும் வினா.

7. அரங்கேற்றத்திற்குப் பின்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைப் பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் பதிவு செய்துள்ளது. ஆக்கியோன் முன்வைக்க, அறிந்தோர் வினவ, குற்றம் களைந்து நூல் ஏற்கப்படும் இம்மரபோடு கெர்னல் மதிப்பாய்வு ஒப்புமையுடையது. ஆயினும் வேறுபாடும் உண்டு. அரங்கேறிய நூல் முற்றுப்பெற்றது. சேர்க்கப்பட்ட இயக்கியோ அன்றுதான் வாழ்வைத் தொடங்குகிறது. கெர்னலின் பொதுப்பகுதி ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய வெளியீடாக வருகிறது. ஒவ்வொரு முறையும் இயக்கி அதற்கு இயைந்து நிற்க வேண்டும்.

ஏற்கப்பட்ட பெயரை மாற்ற நேரும்போது பின்பற்றப்படும் நெறியும் குறிப்பிடத்தக்கது. ஆண்டான், அடிமை என்னும் பொருள்படும் சொற்களைப் புதிய நிரலில் தவிர்க்க வேண்டும் என்னும் வழிகாட்டுதல் 2020-ஆம் ஆண்டு கெர்னலின் எழுத்து நடை விதிகளில் சேர்ந்தது. வலையமைப்புச் சுவிட்சுகளுக்கான பொதுப்பகுதியில் இருந்த அச்சொற்கள் 2023-ஆம் ஆண்டு நீக்கப்பட்டு, கடத்தி, பயனர் என்னும் பொருளுடைய சொற்கள் இடப்பட்டன. எனினும் பயனர் நிரல்கள் சுட்டும் இடத்தில் பழைய பெயரும் புதிய பெயருக்கு நிகராக ஏற்கப்படுகிறது. உள்ளே பெயர் மாறலாம். வெளியே நம்பியிருப்போரின் வழி அடைபடலாகாது என்பதே நெறி. ஐஏவிஎஃப் இயக்கியில் கண்டதும் இந்நெறியே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நான்கு கருத்துகள் பெறப்படுகின்றன. இயக்கியின் பெயர் விளக்கத்தினும் அடையாளத்திற்கே முதன்மை தருவது. வேகம், வரிசை எண் ஆகிய மாறும் காரணங்களைச் சுமக்கும் பெயர் விரைவில் பொய்க்கும். முன்னொட்டு, பொதுக்கூறு, சிறப்புக்கூறு என்னும் அமைப்பில் இயக்கிப் பெயரும் ஊர்ப்பெயரும் ஒரே தேவையிலிருந்து எழுகின்றன. பெயரும் நிரலும் பொதுவில் வினவப்பட்டு, வினவியோர் பெயரோடு பதிவு பெறுவதே அவற்றுக்கு நம்பகத்தை அளிக்கிறது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு இதனால் ஒரு படிப்பினை உண்டு. கெர்னல் என்னும் ஒன்றற்கே கருனி, உட்கரு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. சொற்கள் பல தோன்றுதல் குறையன்று. ஒரு சொல் ஏன் முன்வைக்கப்பட்டது, எவர் அதனை மறுத்தனர், எக்காரணத்தால் திருத்தப்பட்டது என்னும் வரலாறு சொல்லோடு சேர்ந்து நில்லாமையே குறை. இயக்கி ஒன்றின் பெயரை ஐயுறும் மாணவர் அதன் மதிப்பாய்வு முழுவதையும் இன்றும் படித்தறிய முடிகிறது. அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ கணினியியல் பயிலும் மாணவர், தாம் படிக்கும் கலைச்சொல்லைக் குறித்தும் அவ்வாறே வினவி விடைபெறும் நிலை உருவாகவேண்டும். சொல்லை ஆக்குவோர் அதன் பாயிரத்தையும் உடன் எழுதுதலே அதற்குரிய முதற்படியாகும்.